கூரைமேல் பழுத்த பரங்கியும் குஞ்சிதபாதத்தின் வயிறும்

வீட்டில் பரங்கிச் சாறு காய்ச்ச முதலில் என்ன வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? பரங்கிக்காய் என்பீர்கள். வெல்லம், சுக்கு, ஏலக்காய் என்று அடுக்குவீர்கள். வார இதழ்களில் சமையல் குறிப்பு எழுதுகிற அம்மையார்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு வீடு இருக்கிறது; அதனால் அதைச் சாமான்களில் சேர்ப்பதில்லை. பரங்கி பழுக்க ஒரு கூரை வேண்டும். கூரை நிற்கக் கொஞ்சம் மண் வேண்டும். அந்த மண்ணை விட்டு "எழுந்திரு" என்று யாரும் சொல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சாமான் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்காது. மேலக்கரை அம்சவல்லி அதை எப்படி வாங்கினார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மேலக்கரை, மன்னார்குடிக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையில் ஒரு வாய்க்கால் கரை ஊர். அம்சவல்லிக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நடவானாலும் களையானாலும் அறுப்பானாலும் பண்ணையார் குஞ்சிதபாதம் நிலத்தில்தான் வேலை. அவருடைய புருஷன் மருதையன் அதே பண்ணையில் ஏர் ஓட்டியவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் சாய்ந்தவர். பண்ணை அவருக்குத் தன்னால் ஆன மரியாதையைச் செய்தது. மறுநாள் காலையிலேயே அவர் ஏரை வேறொருவர் கையில் கொடுத்து, உழவு நிற்காமல் பார்த்துக்கொண்டது.

பண்ணையின் தென்னந்தோப்பு ஓரத்தில் வரிசையாகச் சில குடிசைகள். அதில் ஒன்று மருதையன் கல்யாணத்துக்கு முன்னே கட்டியது. பக்கத்துக் குடிசையில் செவ்வந்தி என்ற இன்னொரு நடவுக்காரப் பெண். குடிசைக்குப் பின்னால் அம்சவல்லி ஊன்றிய பரங்கி விதை கூரை ஏறியது. தரையில் படரவிட வழியில்லை, தரை முழுவதும் பண்ணையுடையது. ஆகாயத்தின்மேல் பண்ணை இன்னும் உரிமை கேட்காத காரணத்தால் கொடி மேல்நோக்கிப் போனது.

காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பதம் வந்த பிறகே அம்சவல்லி காயை இறக்குவார். தோல் சீவி, விதையையும் நாரையும் வழித்துவிட்டு, துண்டு போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி வேகவைப்பார். குழைந்ததும் மத்தால் மசித்துத் துணியில் வடிகட்டுவார். வடிந்த சாற்றை மறுபடி அடுப்பில் ஏற்றி வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவார். தட்டிய சுக்கு, ஏலக்காய், கிராம்பு, கிள்ளிப் போட்ட பட்டை, கடைசியில் ஒரு கல் உப்பு. ஒரு கொதி வந்ததும் இறக்கி, மண்பானையில் ஊற்றி, ஈரத்துணியைச் சுற்றி நிழலில் வைத்தால் உச்சிவெயிலுக்குள் குளிர்ந்திருக்கும். வயலில் குனிந்து நிமிர்ந்து வந்தவர்களுக்கு அது போதும். இதில் மந்திரமும் இல்லை, கைராசியும் இல்லை. அடுப்பும் பொறுமையும் இருந்தால் நீங்களும் செய்யலாம். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், பிற்பாடு இந்தச் சாற்றுக்கு ஒரு சாஸ்திரமே உண்டாகிவிட்டது.

சாஸ்திரம் பிறந்தது ஒரு தை மாதம், சம்பா அறுவடைக் களத்தில். குஞ்சிதபாதத்துக்கு நெடுநாளாக வயிற்றில் எரிச்சல். தஞ்சாவூர் பெரிய டாக்டர் காப்பியையும் காரத்தையும் விடச் சொன்னார். விடுவதற்கு மனமில்லாததால் பண்ணையார் டாக்டரை விட்டுவிட்டார். அன்று தூற்றிக்கொண்டிருந்த நெல்லைப் பார்க்க வந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் மேலேயே சுருண்டுவிட்டார். காரியக்காரர் இராஜாங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் களத்தைச் சுற்றி ஓடினார்.

"ஏ அம்சம், குடிக்க ஏதாச்சும் இருக்கா?"

"பரங்கிச் சாறு இருக்குங்க. ஆனா எங்க கலயத்துல இருக்கு."

இராஜாங்கம் தயங்கினார். சுருண்டு கிடந்தவர் தயங்கவில்லை. "ஊத்தச் சொல்லுய்யா. மருந்துன்னா தீட்டு ஒட்டாது" என்றார்.

குடித்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். மறுபடி ஒரு டம்ளர் குடித்தார். நாட்டில் பல பெரிய தத்துவங்கள் வயிற்றுவலியில்தான் பிறந்திருக்க வேண்டும். இதுவும் அப்படிப் பிறந்தது. மறுநாள் முதல் சாறு பண்ணை வீட்டுக்குப் போகத் தொடங்கியது. வீட்டுச் சமையல்காரரும் காய்ச்சிப் பார்த்தார். சந்தையில் வாங்கிய பிஞ்சுக்காயை அவசரமாக வேகவைத்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. அம்சவல்லியே காய்ச்ச வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் அவர் பண்ணை வீட்டு அடுப்படியில் நுழையக் கூடாது. அவர் குடிசையிலேயே காய்ச்சலாம், ஆனால் அவர் வீட்டுச் சாமான் எதுவும் சேரக் கூடாது.

பண்ணையாரின் மனைவி கமலாம்பாள் உட்கார்ந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு தடவையும் புதுப்பானை. தண்ணீர் பண்ணைக் கிணற்றிலிருந்து இராஜாங்கம் சேந்திக் கொண்டுபோக வேண்டும். வெல்லமும் சுக்கும் மீரா உசேன் கடையிலிருந்து நேராக வர வேண்டும். காய் மட்டும் அம்சவல்லியுடையதாக இருக்கலாம், ஏனென்றால் அது கூரையிலேயே காய்த்துக் கூரையிலேயே பழுக்கிறது. சேரி மண் அதன்மேல் படவில்லை. மிச்சம் இருந்தது அம்சவல்லியின் கை. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கைக்கும் சாற்றுக்கும் நடுவில் நெருப்பு இருக்கிறது, நெருப்பில் எல்லாம் எரிந்துவிடும். மருதையனை எரித்த நெருப்பு மட்டும் அவருடைய சாதியை எரிக்கவில்லை. சுடுகாடு இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறது. அது வேறு நெருப்பு போலிருக்கிறது.

பிறகு அறுபத்தேழில் ஆட்சி மாறியது. குஞ்சிதபாதமும் மாறினார். கதர்த் துண்டு பெட்டிக்குள் போனது, கரைவேட்டி வெளியே வந்தது. முன்கூடத்தில் புதுத் தலைவர்களின் படங்கள் மாட்டப்பட்டன. பூசை அறைப் படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சாதி ஒழிப்புக் கூட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கி, பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று தொண்டை வறளப் பேசினார். பேசி முடித்ததும் வறண்ட தொண்டைக்குப் பரங்கிச் சாறு வந்தது, கொல்லைவாசல் வழியாக.

அதற்கும் சில வருசம் கழித்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடிசை போட்டுக் குடியிருக்கிறாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம் என்றது. மேலக்கரையில் சட்டத்தைப் பாராட்டிக் கூட்டம் நடந்தது. பாராட்டியவர் குஞ்சிதபாதம். மாலை போட்டுக்கொண்டவரும் அவரே. தோப்பு ஓரத்துக் குடிசைக்காரர்கள் ஒவ்வொருவராக மனுக் கொடுத்ததும், "இவை என் வைக்கோல் கொட்டகைகள், சட்டம் வந்ததைக் கேள்விப்பட்டு இவர்கள் புதிதாக வந்து நுழைந்திருக்கிறார்கள்" என்று ஆட்சேபம் கொடுத்தவரும் அவரே. சட்டம் நல்ல சட்டம்தான், பக்கத்து ஊருக்கு.

இராஜாங்கம் அம்சவல்லியிடம் சமாதானம் பேச வந்தார்.

"எதுக்கு அம்சம் இந்த வம்பு? வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு இடம் தரச் சொல்றாரு."

"அங்க மழை பேஞ்சா இடுப்புத் தண்ணி நிக்குமேங்க."

"மழை வருசம் பூராவுமா பெய்யிது?"

"அப்ப அவரையே அங்க போயி இருக்கச் சொல்லுங்க. கோடைக்கு நல்லா இருக்கும்."

இராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். "குடிசையப் பிரிச்சிப் போட ஆள் கேட்டிருக்காரு. நான்தான் தள்ளிப்போட்டிருக்கேன்."

"எனக்காகவா?"

"மேல காய் இன்னும் பழுக்கலியே."

இதில் பொய் இல்லை. கூரையில் அப்போது பெரிதாக ஐந்தாறு காய்கள் கிடந்தன. குடிசையைப் பிரித்தால் கோடை முழுவதும் பண்ணையார் வயிற்றுக்கு என்ன கதி? அடியாட்கள் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் ஏழைகளின் குடிசைகளை எது எதுவோ காப்பாற்றுவதாகச் சொல்கிறார்கள். மேலக்கரையில் அந்த வேலையைப் பரங்கிக்காய் செய்தது.

காய் பழுத்து முடிவதற்குள் தாசில்தார் விசாரணைக்கு வருவதாக அறிவிப்பு வந்துவிட்டது. அம்சவல்லிக்குச் சாட்சி வேண்டும். தோப்பு வழியாக நாளும் நடந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர் முதலில் போனது மளிகைக்கடை மீரா உசேனிடம். மருதையன் காலத்திலிருந்து சுக்கும் கிராம்பும் கொடுக்கிறவர்.

"பாய், நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

மீரா உசேன் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் சொல்லுவேன் புள்ள. சொன்ன மறுநாள் நான் எங்க உக்காந்து மிளகு நிறுக்கிறது? கடை நிக்கிறது யாரு மனையில?"

"பள்ளிக்கூடத்து வாத்தியாரக் கேட்டேன். அவருக்குப் பார்வை மங்கலாம்."

"சம்பளத் தேதி மட்டும் நல்லாத் தெரியும்" என்றார் மீரா உசேன். பிறகு சிரிக்க முடியாமல், ஒரு பொட்டலம் கிராம்பைக் கட்டி அவர் கையில் வைத்தார். அந்த ஊரில் அம்சவல்லிக்குக் கிடைத்த ஆதரவு அவ்வளவுதான்.

அந்தக் கிராம்புக்கு உடனே வேலை வந்தது. பண்ணை வீட்டில் விருந்தாளி வந்திருந்தார். குஞ்சிதபாதத்தின் மகள் இரண்டாவது பேறுக்குத் தாய்வீடு வந்திருந்தார். அவரை அழைத்துப்போக மன்னார்குடியிலிருந்து மாமனார் வந்திருந்தார். சிவதீட்சை வாங்கியவர். வெளியூர் போனால் பச்சைத் தண்ணீரைக்கூடச் சாதி கேட்டுத்தான் குடிப்பார். பண்ணை வீட்டில் அவருக்குக் கொடுத்த பரங்கிச் சாறு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. யார் காய்ச்சியது என்று கேட்டார். "நம்ம சமையல்காரர்தான்" என்றார் குஞ்சிதபாதம். அப்படியானால் நாளைக்கும் வேண்டும் என்றார் சம்பந்தி, கொஞ்சம் கிராம்பு தூக்கலாக.

ஆகவே விசாரணை நடந்த நாள் காலையில் நடந்தது இது: இராஜாங்கம் புதுப்பானையும் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்து அம்சவல்லியின் குடிசையில் வைத்தார். "வெரசாக் காச்சு, சம்பந்தி கேக்கிறாரு" என்றார். அப்படியே வெளியே போய், அந்தக் குடிசையில் யாரும் குடியிருக்கவில்லை என்று தாசில்தாரிடம் சொல்ல ஆட்களைத் திரட்டினார். இரண்டு வேலைக்கும் நடுவில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை. சம்பளம் வாங்குகிற மனிதர்.

தாசில்தார் இளவயதுக்காரர். தோப்பு நிழலில் பண்ணை வீட்டு நாற்காலிகள் போட்டார்கள். ஒன்றில் அவர், ஒன்றில் குஞ்சிதபாதம், வேடிக்கை பார்க்க வந்த சம்பந்திக்கு ஒன்று. ஊர் தள்ளி நின்றது. மனுக் கொடுத்தவர்களும் நின்றார்கள்.

"இது வீடா, கொட்டகையா?" என்று கேட்டார் தாசில்தார்.

"கொட்டகைங்க" என்றார் இராஜாங்கம். "வைக்கோல் போட்டு வச்சிருந்தோம். சட்டம் வந்ததும் இந்தம்மா வந்து குந்திக்கிச்சு."

"இவங்க இங்க குடியிருந்ததப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?"

ஊர் தென்னை மரங்களை நிமிர்ந்து பார்த்தது. வாத்தியார், தாம் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம் என்றும், இந்தப் பக்கம் பார்வை போவதில்லை என்றும் சொன்னார். அவர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி இந்தத் தோப்புதான். மீரா உசேன் கூட்டத்தின் கடைசியில் நின்று தரையைப் பார்த்தார்.

"உங்க பக்கம் யாரும் இல்லையாம்மா?"

அம்சவல்லி உள்ளே போய் ஒரு டம்ளரில் சாறு கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஒரு வாய் குடிங்க."

தாசில்தார் கொஞ்சம் கூச்சத்தோடு வாங்கினார். குடித்தார். "நல்லா இருக்கே. என்ன இது?"

"பரங்கிச் சாறுங்க. பண்ணை வீட்டுக்குக் காச்சினது. காலையில காரியக்காரர்தான் பானை கொண்டாந்து வச்சாரு."

சம்பந்தி நாற்காலியில் நிமிர்ந்தார். "எந்த வீட்டுக்கு?"

"இதோ இருக்காங்களே, ஐயா வீட்டுக்குத்தான். நேத்தும் குடுத்தனுப்பினேனே. மன்னார்குடியிலேருந்து ஆள் வந்திருக்கு, கிராம்பு கூடப் போடுன்னாங்க."

சம்பந்தி எழுந்தார். தாசில்தார் கையிலிருந்த டம்ளருக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தார். கிராம்பு தூக்கலாக இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

"சம்பந்தி, நேத்து நான் வயிறு முட்டக் குடிச்சேன். சமையல்காரர் காச்சினதுன்னீங்க."

"உக்காருங்க சம்பந்தி, சொல்றேன்."

"இந்தக் கையாலயா காச்சினது?"

இராஜாங்கம் பின்னாலிருந்து "பொய்யின்னு சொல்லிடுங்க ஐயா" என்று முணுமுணுத்தார். மூக்கு கண்டுபிடித்துவிட்டதை வாய் எப்படி மறுப்பது? ஒரு பக்கம் தோப்பு ஓரத்துத் துண்டு மண். மறுபக்கம் சம்பந்தியின் குடலில் இறங்கிவிட்ட தீட்டு. கட்சிக்காரர் குஞ்சிதபாதம், சாதி ஒழிப்புக் கூட்டத் தலைவர் குஞ்சிதபாதம், ஒரு நொடிகூட யோசிக்காமல் சாதியைக் காப்பாற்ற ஓடினார்.

"காச்சினது அவதான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல சம்பந்தி. பானை புதுசு. தண்ணி நம்ம கிணத்துது. வெல்லம், சுக்கு எல்லாம் நம்ம ஆள் வாங்கிக் குடுக்கிறது. காய் மண்ணுல பட்டதே கிடையாது. அதோ பாருங்க, மேலயே காய்ச்சு மேலயே பழுக்குது."

தாசில்தார் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தக் கூரையிலங்க?"

"இதே கூரையிலதான்."

"இந்த வருசமா?"

குஞ்சிதபாதம் தாசில்தாரைப் பார்க்கவே இல்லை. சம்பந்தியின் முகத்தையே பார்த்துப் பேசினார். "இந்த வருசமா? எம்பொண்ணு கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து. ஒரு தடவைகூட வேற கூரைக் காய் எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல. இவ அடுப்பத் தவிர வேற அடுப்புல வச்சதில்ல. இராஜாங்கத்தக் கேளுங்க."

இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கல்யாணம் எப்பங்க நடந்தது?" என்று சம்பந்தியைக் கேட்டார் தாசில்தார்.

"ஆட்சி மாறின தேர்தலுக்கு முந்தின வைகாசி" என்றார் சம்பந்தி, தொண்டையைப் பிடித்துக்கொண்டே.

தாசில்தார் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தனை வருசமா வைக்கோலா உங்களுக்குச் சாறு காச்சிக் குடுத்தது?"

கூட்டத்தின் கடைசியிலிருந்து முதலில் சிரித்தவர் மீரா உசேன். சிரிப்பதற்கு மனை தேவையில்லை.

சம்பந்தி அன்றே ஊர் போய், பஞ்சகவ்யம் வாங்கிக் குடித்துச் சுத்தமானார். அதாவது, சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய பழச்சாற்றின் அசுத்தத்தை மாட்டு மூத்திரத்தால் கழுவினார். அறிவியல் பட்டம் பெற்ற அவர் மகன் பக்கத்தில் நின்று கிண்ணம் பிடித்தாராம். மருமகளையும் குழந்தைகளையும் அடுத்த வாரம் வந்து அழைத்துப் போனார்கள். வந்தவர்கள் பண்ணை வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு சாதிக்காரன் வீட்டிலேயே அவன் சாதிக்காரன் தண்ணீர் குடிக்காமல் போனது குஞ்சிதபாதத்துக்குப் புது அனுபவம். சேரிக்கு அது பழையது.

மனை அம்சவல்லிக்கு என்று உத்தரவு வந்தது. சில நாள் பொறுத்து இராஜாங்கம் ஒரு புதுப்பானையோடு வந்து நின்றார்.

"பானையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அம்சவல்லி.

"ஐயாவுக்கு ராவும் பகலும் எரியுது அம்சம். பாவமா இருக்கு."

"பாவம்தான். வரச் சொல்லுங்க. எங்க வாசல்ல உக்காந்து எங்க டம்ளர்ல குடிக்கட்டும். எங்க காய், எங்க வெல்லம், எங்க தண்ணி. தாசில்தாரே குடிச்சாரு."

"அவரு எப்படி இங்க வருவாரு?"

"நடந்துதான். தோப்புக்குள்ள பூந்து வந்தா கிட்டக்க."

குஞ்சிதபாதம் இதுவரை வரவில்லை. தம் மாட்டுக்கொட்டகைக் கூரையில் பரங்கி ஏற்றிப் பார்க்கிறாராம். மருந்துக்குத் தீட்டில்லை என்ற சட்டம் அவர் வீட்டுக் கொல்லைவாசலோடு நின்றுவிடுகிறது.

கதை நன்றாக முடிந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதே நாள், அதே தோப்பு, அதே வரிசை. அடுத்த குடிசை செவ்வந்தியுடையது. அவரும் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், அங்கேயே பிள்ளை பெற்றவர். "கொட்டகைங்க" என்றார் இராஜாங்கம். ஊர் மறுபடி தென்னையைப் பார்த்தது. அம்சவல்லி முன்வந்து சாட்சி சொன்னார். அவரும் மனுக்காரர், அவர் பேச்சு செல்லாது என்று, அதற்குள் பண்ணை அவசரமாக வரவழைத்திருந்த வக்கீல் குறுக்கிட்டார். செவ்வந்தியின் கூரையில் இருந்தது பீர்க்கங்கொடி. பண்ணையாருக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது. ஆகவே அவர் வாயிலிருந்து செவ்வந்திக்காக ஒரு சொல்லும் உதிரவில்லை, மனு தள்ளுபடி. தாசில்தார் நல்லவர்தான். நல்லவருக்கும் எழுதிக்கொள்ள யாராவது வாய் திறக்க வேண்டும். ஏழையின் மனை, பணக்காரன் நாக்கில் எது ருசிக்கிறது என்பதைப் பொறுத்தது என்றால், அதற்குப் பெயர் சட்டம் இல்லை, குலுக்கல் சீட்டு.

செவ்வந்தி மேல்மனுக் கொடுத்திருக்கிறார். வருகிற மாசியில் தஞ்சாவூரில் விசாரணை. அதுவரை குடிசையைப் பிரிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு மட்டும் கையில் இருக்கிறது. தோற்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில். இதைப் படிக்கிறவர்களில் மேலக்கரைத் தோப்பு வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தவர்கள் இருப்பீர்கள், பால் வாங்கப் போனவர்கள் இருப்பீர்கள், ஆறாம் வகுப்புப் பாடம் நடத்தப் போனவர்களும் இருப்பீர்கள். அந்தக் குடிசையின் கூரையில் புகை கசிந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். செவ்வந்தி வாசல் பெருக்கியதைப் பார்த்திருக்கிறீர்கள். வீர உரை எதுவும் வேண்டாம். அன்றைக்கு ஒருநாள் வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வாருங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து நின்று, கண்டதை மட்டும் சொல்லுங்கள்.